பேசியவர்கள் பெயர்

ஆசிரியர் வெளியே போனதும் லீடர் எழுந்து கரும்பலகை மூலையில் 'பேசியவர்கள்' என்று எழுதி வரிசையாகப் பெயர் போடுவதும், மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி சேர்ப்பதும் நம் பள்ளிகளில் இன்றும் நடக்கிறது. என் ஏழாம் வகுப்பில் அதை நிறுத்திவிட்டேன். அதில் பிள்ளைகள் பொறுப்பைக் கற்றுக்கொள்வதில்லை, கூடப் படிக்கிறவனைப் போட்டுக்கொடுக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். இப்போது நான் இல்லாத நேரத்தில் கொஞ்சம் சத்தம் இருக்கிறது, இருக்கட்டும்.

மரியாதையை நாம்தான் முதலில் கொடுக்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. ஆனால் பிரம்பை விட்ட பலர் 'மக்கு' என்ற சொல்லை இன்னும் விடவில்லை. விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கைச் சத்தமாக வாசிப்பதும் அதே ரகம்தான். நான் மடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன், யாரிடம் சொல்வது என்பது அவர்கள் விருப்பம்.

அப்புறம் பொறுப்பு. சாக்பீஸ் எடுத்து வா, டீ வாங்கி வா என்பதெல்லாம் எடுபிடி வேலை. பொறுப்பு என்றால் பிள்ளை தானே முடிவெடுக்க அதில் ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் புத்தக அலமாரியின் சாவி, எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற ஒரு பையனிடம் இருக்கிறது. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதுவது, திரும்பி வராததைக் கேட்டு வாங்குவது, கிழித்தவருக்கு அடுத்த புத்தகம் தரலாமா என்று முடிவு செய்வது எல்லாம் அவன்தான். அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறான், சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று பக்கத்துப் பெஞ்சில் கேட்கிறான். தமிழ் வகுப்பில் ஒருநாளும் அவன் கேட்காத கேள்வி அது!

இதற்கு ஸ்டார், பரிசு என்று எதையும் நான் அறிவிக்கவில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அவர்களுடைய ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு அப்படிக் குறையவில்லை. அதனால் பாராட்ட வேண்டுமென்றால் வேலை முடிந்த பிறகு, என்ன நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுகிறேன்.

அடுத்த மாதம் சாவி கை மாற வேண்டும், பலர் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு என்று அவனையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.