லைட் பிடிக்கிற வேலை

கடலுக்கடியில் எடுக்கும் வீடியோவுக்கு லைட் பிடிக்க வருவதற்கு முன்னால் நான் மதுரைப் பக்கம் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் வாட் ஹாலஜன், பின்னால் இழுபடும் நீள வயர், தாலி கட்டும் நேரத்தில் வியர்த்து வழியும் மாப்பிள்ளை. அங்கே கற்ற பாடம் ஒன்றுதான்: கேமரா எங்கே பார்க்கிறதோ அங்கே வெளிச்சத்தைக் கொட்டு. அந்தமானில் முதல் இரவு டைவில் இந்தப் பாடமே என் காலை வாரிவிட்டது.

ஹேவ்லாக் தீவு. 2018 கடைசியில் சுவராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள், ஆனால் டைவ் அடிப்பவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். மதுரைக்கும் அதற்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. டிசம்பரில் ஐந்து மணிக்கே விழுந்துவிடும். ஊரில் டீ குடிக்கிற நேரத்தில் இங்கே ராத்திரி வேலை தொடங்கியிருக்கும். நீமோ ரீஃப் என்ற பவளப்பாறைப் பகுதியில் கரையிலிருந்தே இறங்கலாம், அதிக ஆழமில்லை. நான் கேமராவுக்குப் பின்னால், தோளுக்கு மேலே கையை நீட்டி, லென்ஸ் பார்த்த திசையிலேயே வெளிச்சம் அடித்தேன். அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால், பஞ்சாலைக்குள் எடுத்த மாதிரி திரை முழுக்க வெள்ளைத் துகள்.

கேமராமேன் திட்டவில்லை. "மார்கழிப் பனியில லாரிக்காரன் ஹைபீம் போட்டா ரோடு தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் அவ்வளவுதான். கடல் நீர் வெறும் நீர் கிடையாது. பிளாங்க்டன் என்கிற பொடி உயிர்கள், மணல், முன்னால் போனவர் காலில் மாட்டிய துடுப்பு கிளப்பிவிட்ட சேறு எல்லாம் அதில் மிதக்கும். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரில் வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு துகளும் அதைத் திருப்பி அடிக்கும். அதனால் இரண்டு விளக்கையும் கேமராவுக்கு இரு பக்கமும் தள்ளி, லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீனைத் தொட்டால் போதும். நடுவெளிச்சம் எங்கோ இருட்டுக்குள் வீணாகப் போகிற மாதிரி இருக்கும். கல்யாண வீட்டு லைட் பாய்க்கு அதைப் பார்க்கவே வயிறு எரியும். போகட்டும் என்று விடப் பழக எனக்குப் பல டைவ் ஆனது.

இன்னொரு பழக்கமும் மாறியது. வெளிச்சம் போதவில்லையென்றால் பவரைக் கூட்டுவேன். தண்ணீருக்குள் அதனால் பெரிய பலன் இல்லை. சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் தின்னும். விளக்கிலிருந்து மீனுக்குப் போகும்போது ஒரு முறை, மீனிலிருந்து லென்ஸுக்கு வரும்போது இன்னொரு முறை. எத்தனை ஆயிரம் லூமன் கொட்டினாலும் நாலு மீட்டர் தள்ளியிருக்கும் பவளம் சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். கைக்கெட்டும் தூரத்துக்குப் போய்விட்டால் அதே பவளம் குங்குமமாக நிற்கும். பகலில் நீலமாகத் தெரிந்த ரீஃபுக்கு இத்தனை நிறம் உண்டு என்பதை ராத்திரிதான் எனக்குக் காட்டியது.

ஸ்டில் எடுப்பவரும் வீடியோ எடுப்பவரும் ஒரே குழுவில் வந்தால் தனித் தலைவலி. ஒருவருடைய ஸ்ட்ரோப் ஃபிளாஷ் கண் சிமிட்டும் நேரம் மின்னி அணைந்துவிடும், மற்றவருக்கு விடாமல் எரிய வேண்டும். யார் முதலில் என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுவேன். காத்திருப்பவர் விளக்கை மணலைப் பார்த்துத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கூட வந்தவர் டார்ச்சால் வட்டம் போட்டால் சரி என்று அர்த்தம், பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் ஆபத்து. அகன்று பரவும் வீடியோ வெளிச்சத்தில் இந்தச் சைகை இரண்டும் கரைந்துபோகும் என்பதால், ஒடுங்கிய ஒளியுள்ள சின்ன டார்ச் ஒன்று எப்போதும் என் மணிக்கட்டில் தொங்கும்.

பேட்டரிக் கணக்கும் என் பொறுப்புதான். நான் வைத்திருந்த விளக்கு முழு பவரில் ஐம்பது நிமிடம் தாங்கும். நீந்தும்போது குறைத்து, ரெக்கார்டிங் ஓடும்போது மட்டும் கூட்டினால் டைவ் முடிந்து மேலே வரும்வரை மிச்சம் இருக்கும். தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது, அதனால் கரையில் நின்று "எரியுதா பார்ப்போம்" என்று ரொம்ப நேரம் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒரு முறை, விளக்குக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒற்றைத் தலைமுடி ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். பத்தே நிமிடத்தில் உள்ளே உப்புத் தண்ணீர், விளக்கு காலி. அப்போது வேலை செய்த இடத்தில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அது என் முடிதானா என்று யாரும் நிரூபிக்கவில்லை. பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வேலைக்கு வா என்று நண்பர்கள் இன்றும் கிண்டலடிப்பார்கள்.

இதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். பழகாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு ராத்திரி, பாறை இடுக்கில் கிளிமீன் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சில கிளிமீன்கள் தூங்குமுன் தன்னைச் சுற்றிக் கோழையால் மெல்லிய பை ஒன்றைக் கட்டிக்கொள்ளும், கொசுவலைக்குள் படுப்பது போல. அந்த வலையின் பளபளப்பு வேண்டும் என்று கேமராமேன் சைகை காட்ட, நான் விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் அசையாமல் பிடித்தேன். அருமையான ஷாட். பிடித்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சத்துக்குச் சின்னப் புழுக்கள் மொய்த்தன. புழுவைத் தேடிச் சின்ன மீன்கள் வந்தன. அப்புறம் என் விலாவுக்குப் பக்கத்திலிருந்து லயன் மீன் ஒன்று செட்டைகளை விரித்து மெதுவாக முன்னால் வந்து, கண் கூசி நின்ற ஒரு மீனை லபக்கென்று விழுங்கியது. அடுத்தது, இன்னொன்று. கிளிமீன் விழித்து, வலையைக் கிழித்துக்கொண்டு இருட்டுக்குள் பாறையில் முட்டி ஓடியது.

அந்த ஷாட் படத்தில் வந்தது. பார்த்தவர்கள் இயற்கையின் வேட்டை என்று பாராட்டினார்கள். பந்தி பரிமாறியது நான்.

அதற்குப் பிறகு தூங்கும் மீன் என்றால் மனதுக்குள் இருபது எண்ணுவேன், எண்ணி முடித்ததும் விளக்கு திரும்பிவிடும். ஷாட் கிடைத்ததா இல்லையா என்று கேட்பதில்லை. முதலில் கோபப்பட்ட கேமராமேன் பிறகு பதினைந்திலேயே தலையசைக்க ஆரம்பித்தார். இடம் தேடும்போது சிவப்பு விளக்கு. பல உயிர்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆக்டோபஸ்கூட அதில் கொஞ்சம் நிதானமாக இருப்பதாக எனக்குத் தோன்றும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் மணலில் மண்டியிட்டு விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொள்வோம். முதலில் ஒன்றும் தெரியாது. கையை அசைத்தால் விரல் நுனியில் பச்சைப் பொறி பறக்கும். பிளாங்க்டன்தான். எங்கள் கேமராவில் அது ஒரு முறைகூட விழுந்ததில்லை. போன மாதம் அப்படி ஒரு நிமிடம் இருந்துவிட்டு விளக்கைப் போட்டேன். என் முழங்கைக்கு அருகில், செட்டையை விரித்தபடி, லயன் மீன் ஒன்று காத்துக்கொண்டிருந்தது.