பால்தேத்தண்ணி பால் கணக்கில் சேராது

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நானுஓயாப் பக்கத்து லயங்களில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எழுபது தாண்டிய தாத்தாமாரிடம் பால் குடிக்கிறீர்களா என்று கேட்டால், "நாளைக்கு நாலு வாட்டி குடிக்கிறேனே" என்பார்கள். அது பால்தேத்தண்ணி, பால்மா (பால் பவுடர்) கலந்த தேநீர். ஒரு கோப்பையில் விழுவது தலைதட்டி இரண்டு தேக்கரண்டி பால்மா, ஏறக்குறைய 5 கிராம். அதில் எலும்புக்கு வேண்டிய கல்சியம் சுமார் 50 மில்லிகிராம். நாலு கோப்பைக்கும் 200. அந்த வயதில் ஒரு நாளைக்கு வேண்டியது 1000 முதல் 1200. கோதுமைமா ரொட்டியும் சம்பலும் மிச்சத்தை ஈடுகட்டாது.

பாலாகவே குடிப்பதென்றால் 200 மில்லி தண்ணீருக்கு 25 கிராம் பால்மா, தலைதட்டி மூன்று மேசைக்கரண்டி. கொதிநீரை நேரே ஊற்றினால் திரளும்; முதலில் கொஞ்சம் இளஞ்சூட்டு நீரில் களிபோலக் குழைத்துவிட்டு மீதியை ஊற்ற வேண்டும். பசும்பால் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. வயிறு உப்பினால் அரை டம்ளரில் தொடங்கி, சாப்பாட்டோடு குடிக்கலாம். அதுவும் ஒத்துவராதவருக்குத் தயிர். முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பை இறக்கிச் சமைத்தால் அதுவும் கல்சியம்தான். குரக்கன் (கேழ்வரகு) மா 50 கிராமில் 170 மில்லிகிராம் அளவு இருக்கிறது.

அதற்காகக் குடம் குடமாகக் குடிக்கவும் வேண்டாம். 2014இல் வெளியான சுவீடன் ஆய்வில், நிறையப் பால் குடித்த ஆண்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு வேறு மாதிரி: 60 முதியோர் இல்லங்களில் பாதியில் பால், யோகட், சீஸ் கூட்டிக் கொடுத்தார்கள், அங்கே முறிவுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அவர்கள் முன்பு சாப்பிட்டதில் கல்சியமும் புரதமும் போதாமல் இருந்தன. நம் லயத்துத் தட்டு இரண்டாவது ஆய்வுக்குத்தான் கிட்ட. என் கணக்கில் இரண்டு டம்ளர் போதும், கூடவே பருப்போ முட்டையோ.

தேயிலை எலும்பை அரிக்கும் என்ற பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒரு கோப்பையால் போகும் கல்சியம் சில மில்லிகிராம்தான். மூடுபனியும் கம்பளிச் சட்டையும்தான் எனக்குக் கவலை. வெயிலே படாவிட்டால் விற்றமின் டி குறையும், குடித்த பாலின் கல்சியமும் உடம்பில் சரியாகச் சேராது. பனி விலகியதும் கையும் காலும் வெறுமையாக வெளியே உட்கார வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை.

மூச்சிழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற, எலும்பை மெலியவைக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை போடுகிறவருக்குப் பால் மட்டும் காணாது, டொக்டரிடம் எலும்பைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். சிறுநீரக நோயாளிகளும் பாலைக் கூட்டுமுன் கேட்கட்டும். தைரொயிட் மாத்திரைக்கும் பாலுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

கதவு நிலையில் தாத்தாவின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். வாலிப உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பு ஏற்கனவே நசுங்கியிருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.