தம்பிக்கு மனு போட்ட கதை

முதல் நாள் நாங்கள் போய் நின்றதே தப்பான ஜெயில்.

ராத்திரி பதினொன்றரைக்கு மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்தி, தம்பியைப் பக்கத்து ஊர்க் கிளைச் சிறையில் அடைத்திருப்பதாக வக்கீலின் குமாஸ்தா சொன்னார். விடிந்ததும் அம்மாவும் நானும் ஒரு பையில் இரண்டு லுங்கி, பேஸ்ட், பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். வாசலில் இருந்த காவலர் நோட்டைக்கூடப் புரட்டவில்லை. “காலையிலேயே சென்ட்ரலுக்கு மாத்தியாச்சும்மா” என்றார். சென்ட்ரல் என்றால் மத்திய சிறை, அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம். உள்ளே இருப்பவரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுப்பதைத்தான் மனு என்கிறார்கள், போய்ச் சேரும்போது அந்த மனு நேரம் முடிந்திருக்கும். திரும்பி வந்துவிட்டோம்.

ஒருவரைக் கைது செய்தால் அவர் உறவினருக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் பிரிவு 50ஏ, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 48. எங்களுக்கும் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஆனால் அதற்கப்புறம் ஆளை எங்கே மாற்றினார்கள் என்று ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதனால் பஸ் ஏறுவதற்கு முன் வக்கீலிடம் “இன்னிக்குக் காலையில எந்த ஜெயில்ல இருக்கான்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று எங்கே இருந்தான் என்பது செல்லாது.

வழக்கு என்ன, யார் மேல் தப்பு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. விசாரணைக் கைதியாக 68 நாள் உள்ளே இருந்தான், போன மாதம் ஜாமீனில் வந்துவிட்டான். அந்த 68 நாளும் அவனோடு பேச்சு அறுந்துபோகாமல் இருக்க நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். யாருக்காவது ஒரு பஸ் டிக்கெட் மிச்சமானால் சரி.

மறுநாள் சென்ட்ரல். வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு டீக்கடை. செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது, டீக்கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆறரைக்கே வரிசை நின்றுவிட்டது. மனுச்சீட்டை நிரப்பி, ஆதார் நகல் இணைத்து ஜன்னலில் நீட்டினேன். அங்கே இருந்தவர் இரண்டு ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நீங்க அவனுக்கு என்ன வேணும்?” என்றார்.

“அக்கா.”

“அக்காங்கறதுக்கு என்ன ப்ரூஃப்?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியல் மாறிவிட்டது. ஆதாரில் கணவர் பெயர், கணவர் வீட்டு முகவரி. ரேஷன் கார்டிலும் பிறந்த வீட்டில் பெயர் நீக்கி எத்தனையோ வருஷம். கூடப் பிறந்தவளாக இருந்தும் எனக்கும் அவனுக்கும் பெயரிலும் ஒட்டில்லை, ஊரிலும் ஒட்டில்லை. அம்மாவின் ஆதாரில் அப்பா பெயர் இருக்கிறது, அது தம்பியின் பதிவோடு பொருந்துகிறது. “அம்மா மட்டும் போகட்டும்.”

அம்மாவுக்குக் காது மந்தம். வெளியே வேப்பமரத்தடியில் நான் முக்கால் மணி நேரம் நின்றேன். வந்தவளிடம் என்ன சொன்னான் என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கான், என்னமோ சொன்னான், ஒண்ணும் கேக்கல” என்றாள். அவன் சொன்னது வக்கீலுக்கான சேதி. அது எனக்குத் தெரியவே ஒரு வாரம் ஆனது.

அந்த வாரம் முழுக்க நான் தேடியது அக்கா என்பதற்கு ஒரு காகிதம். பள்ளிக்கூட டி.சி. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கிடைத்தது பீரோவில், அப்பா இறந்தபோது வாங்கி வைத்த வாரிசுச் சான்றிதழ். தாசில்தார் கையெழுத்தோடு ஒரே தாளில் மனைவி, மகள், மகன் என்று மூன்று பெயரும் வரிசையாக. எட்டு வருஷத்துக்கு முன் அதை வாங்க நான் நடந்த நடையை நினைத்து அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன். அடுத்த முறை அதே ஜன்னலில் நகலை வைத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்து, “இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாம்ல?” என்றார். கேட்டிருந்தால் கொண்டுவந்திருப்பேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சீல் விழும்வரை பேசாமல் இருந்தேன்.

கல்யாணமான அக்கா தங்கைகளுக்காகத்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். அப்பா பெயரும் உடன்பிறந்தவர் பெயரும் சேர்ந்து வருகிற ஏதாவது ஒரு அரசாங்கத் தாளைத் தேடி எடுத்து, பத்து நகல் போட்டு வைத்துவிடுங்கள். வாசல் ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் ஐந்து ரூபாய்.

அதே கடை வாசலில் ஒருவர் நின்று, முந்நூறு கொடுத்தால் மனு சீக்கிரம் உள்ளே போகும் என்பார். எனக்கு முன்னால் ஒரு அம்மா கொடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் ஒரே பேட்ச்சில்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். புழலில் கண்ணாடித் தடுப்பு வைத்து இன்டர்காமில் பேச வசதி செய்திருப்பதாக வரிசையில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு வாய்த்தது கம்பி வலை. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு வலை, அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் நாற்பது பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “அப்பா பாரு, அப்பா பாரு” என்கிறாள், குழந்தை என்னைப் பார்க்கிறது. தம்பி வாயசைப்பது தெரிகிறது, குரல் வரவில்லை. முதல் ஐந்து நிமிஷம் “சாப்பிட்டியா?” என்பதிலேயே போய்விட்டது. அப்புறம் அவன் அழுதான், நான் அழுதேன், நேரம் முடிந்தது.

இரண்டாம் தடவை நான் உஷார். சொல்ல வேண்டியவை மூன்று மட்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டேன்: ஜாமீன் மனு எந்தத் தேதி, அவன் வேலை பார்த்த இடத்தில் என்ன சொல்லியிருக்கிறோம், அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தேதியை விரலால் காட்டினேன். சுவரோரம் இடம் பிடித்தால் ஒரு பக்கத்துச் சத்தமாவது குறையும், அதனால் கூப்பிட்டவுடன் ஓட வேண்டும். வயதானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். எங்கள் சிறையில் ஒரே மனுவில் மூன்று பேர்வரை விட்டார்கள்.

துணிமணியில் ஒரு சின்ன விஷயம். நாடா வைத்த டிராக் பேன்ட் வாங்கிப் போனேன். நாடாவை உருவிக் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் நிற்காத பேன்டை உள்ளே அனுப்பினார்கள். எலாஸ்டிக் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பணத்தைக் கையில் கொடுக்க முடியாது, அவன் பெயரில் உள்ள கணக்கில் கட்டினால் உள்ளே கேன்டீனில் வாங்கிக்கொள்வான். அது ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த வீண் அலைச்சல் கோர்ட்டில். விசாரணைக் கைதியின் காவலை ஒரே தடவையில் 15 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்பதால் வாய்தாவுக்குக் கூட்டி வருவார்கள், வராந்தாவில் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசலாம், மனமிருந்தால் எஸ்கார்ட் போலீஸ் ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும் விடுவார் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். லீவு போட்டு, இட்லி கட்டிக்கொண்டு போனேன். பதினொன்றரைக்கு வக்கீல் வெளியே வந்து, “வீடியோ கான்பரன்ஸ்லயே முடிஞ்சிருச்சும்மா, இன்னும் பதினஞ்சு நாள்” என்றார். திரையில் அவன் முகம் அரை நிமிஷம் வந்துபோனதாம். அதைக்கூட நான் பார்க்கவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைக் காத்துக்கொண்டிருந்தேன். ஆளைக் கூட்டி வருகிறார்களா, வீடியோவா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

இனி ஆன்லைன். இ-முலாகாத் என்று ஒன்று இருக்கிறது. முலாகாத் என்றால் சந்திப்பு, இந்திக்காரர்கள் வைத்த பெயர். தேசிய சிறைத் தகவல் தளத்தில் போய், நேரில் பார்க்க வேண்டுமா வீடியோவில் பேச வேண்டுமா என்று தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யலாம். நம் விவரம், அடையாள அட்டை எண், சிறையின் பெயர், உள்ளே இருப்பவரின் பெயர், அவர் அப்பா பெயர் எல்லாம் கேட்கும், ஓ.டி.பி. வரும். நானும் போட்டேன். நிராகரிப்பு. மறுபடியும் போட்டேன். மறுபடியும் நிராகரிப்பு. காரணம் எதுவும் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது தற்செயல். தம்பியின் ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு ‘ஹெச்’ உண்டு. எஃப்.ஐ.ஆர். எழுதியவர் அதை விட்டுவிட்டார். அப்பா பெயரின் பின்பாதியையும் விழுங்கிவிட்டார். ஜெயில் பதிவேடு அதைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. நான் சரியாக எழுதியதால்தான் ஏற்கவில்லை! மனுச்சீட்டின் மூலையில் அவர்கள் எழுதியிருந்த தப்பு எழுத்தை அப்படியே பார்த்து மூன்றாம் முறை பதிந்தேன். அனுமதி வந்துவிட்டது. என் தம்பியின் பெயரைப் பிழையாக எழுதக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவன் முகத்தைப் போனில் பார்க்க முடிந்தது. அன்று கத்தாமல் பேசினோம். அவனுக்குத் தொண்டை கட்டவில்லை, எனக்கும் இல்லை.

ஆகவே முதல் மனு பார்க்கும்போதே, கைதி எண்ணையும் அவர்கள் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். போன் கையில் இருக்காது, அதனால் பேனா வேண்டும். அந்தப் பேனாவை ஜன்னலில் இரவல் கேட்டு நான் வாங்கிய பேச்சைத் தனியாக எழுதலாம்.

உள்ளே இருந்து அவர்கள் கூப்பிடும் வசதியும் உண்டு. குடும்பத்தார், வக்கீல் என்று முன்கூட்டிக் கொடுத்து ஏற்றுக்கொண்ட எண்ணுக்கு மட்டும் பேசலாம். தமிழ்நாட்டில் 2023இல் இதை மாதம் பத்து முறை, ஒரு முறைக்கு 12 நிமிஷம் என்று கூட்டினார்கள். தம்பி கொடுத்தது அம்மாவின் எண், சின்ன வயதிலிருந்து அவனுக்கு மனப்பாடமான ஒரே எண் அதுதான். அம்மா யாரையும் கூப்பிட மாட்டாள், அதனால் ரீசார்ஜ் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. வேலிடிட்டி போனால் கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். அவன் முறை வந்து, வரிசையில் நின்று, இரண்டு தடவை போட்டுப் பார்த்திருக்கிறான். ரீசார்ஜ் செய்த பிறகும் தீரவில்லை. தெரியாத எண்ணிலிருந்து வருகிற அழைப்பைக் கட் செய்துவிடு, பேங்க் லோன்காரன், ஏமாற்றுக்காரன் என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தி வைத்தது நான்தான். அவளும் ஒழுங்காகக் கட் செய்திருக்கிறாள். அடுத்த மனுவில் வலைக்கு அந்தப் பக்கம் இருந்து அவன் கேட்டது மட்டும் அந்த இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது: “என்மேல கோவமாக்கா?”

எழுதும்போது இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கு மூன்று மாத ரீசார்ஜாகப் போட்டுவிடுங்கள். வேறெதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தக் கோபச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் கடிதம் எழுதினேன். தபால் நிலையத்தில் இன்லேண்ட் லெட்டர் கேட்டபோது அங்கிருந்த பெண் இழுப்பறையை நெடுநேரம் துழாவி எடுத்துக் கொடுத்தார். விலை இரண்டரை ரூபாய். பெயர் (அவர்கள் எழுதிய பிழையோடு), அப்பா பெயர், கைதி எண், சிறை முகவரி. உள்ளே பிரித்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், ஆகவே வழக்கைப் பற்றி ஒரு வரி எழுதாதீர்கள். நான் எழுதியது முழுக்க வீட்டுக் கதை. முருங்கைக் கிளை முறிந்தது, பக்கத்து வீட்டு நாய் எங்கள் வாசலிலேயே குடியேறியது, அம்மா எந்த சீரியலுக்குத் திட்டுகிறாள் என்பது. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நாய்க்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டிருந்தான். வலையில் கத்திய எல்லா நிமிஷமும் சேர்ந்து தராத ஒன்று அந்தத் தாளில் இருந்தது. முதல் வாரமே எழுதாமல் போனேனே என்றுதான் இருக்கிறது.

வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் 15100க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி எண். மனு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டிக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஜாமீன் கிடைத்த அன்றும் ஒரு கூத்து. உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள், கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டும் லாக்-அப் நேரம் ஆகிவிட்டது. இருட்டும்வரை வாசலில் நின்றுவிட்டு வெறும் ஆட்டோவில் திரும்பி, அந்த ஊரிலேயே சித்தப்பா மகன் வீட்டில் படுத்து எழுந்து காலையில் மறுபடி போனோம். எட்டு மணிக்கு மேல் பையோடு வந்தான். இடுப்பில் அந்த நாடா இல்லாத பேன்ட், ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தான்.

வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் தெரியாத எண் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். நேற்று ஒரு பர்சனல் லோன் பெண்ணிடம் பத்து நிமிஷம் பேசினாள், சாப்பிட்டியாம்மா என்று கேட்டது அடுக்களைவரை கேட்டது.