ஐஸ் ஹவுஸின் ஜன்னல்

என் அத்தைப் பாட்டிக்குப் பதினோரு வயதிலேயே தாலி அறுத்துவிட்டார்கள். ஊரில் பின்கட்டு இருட்டறையில் கிடந்தவரைச் சென்னைக்கு அழைத்துவந்து, மெரினா எதிரே ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே படித்த கணக்கைப் பற்றிப் பாட்டி பேசியதே இல்லை. படுத்தபடியே கடல் தெரியும் ஒரு ஜன்னலைப் பற்றித்தான் பேசுவார்.

கட்டட வரைபடம் வரையும் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கட்டடத்தில் ஜன்னலுக்கு வேலையே இல்லை. 1842இல் அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர் அதைக் கட்டியது ஐஸ் சேமிக்க. மாசச்சூசெட்ஸ் பக்கத்துக் குளங்களில் அறுத்த பாளங்கள் மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் பயணித்து இங்கே இறங்கின. வெப்பம் உள்ளே புகாமல் காப்பதுதான் அந்தக் கனத்த சுவர்களின் ஒரே வேலை.

நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்ய முடிந்ததும் வணிகம் படுத்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த இதே போன்ற ஐஸ் கிடங்குகள் இன்று இல்லை. இதை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. உருண்ட உடலை அப்படியே விட்டு, ஜன்னல்கள் திறந்தார், சுற்றிலும் தாழ்வாரம் வைத்தார்.

சொல்வது எளிது. சுமை தாங்கும் செங்கல் சுவரில் திறப்பு வெட்டுவதற்கு முன் மேலிருக்கும் பாரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பாரத்தை இருபுறமும் இறக்கிவிட வளைவோ விட்டமோ வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் மேலே ஏறும். ஜன்னல் வெட்டிய அந்தக் கொத்தனார்களின் பெயர் எங்கும் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது இந்த வீட்டில்தான். 1917இல் அரசு வாங்கியது, 1963இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. இப்போது ராமகிருஷ்ண மடத்தின் கண்காட்சி இருக்கிறது.

போன மாதம் போயிருந்தேன். ஒரு ஜன்னல் திட்டில் கையை வைத்து, சுவரின் கனத்தை முழம் போட்டுப் பார்த்தேன். துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து சேர்ந்து கடல் தள்ளிப் போய்விட்டது. சாலை, மரங்கள், மணல், அதற்கு அப்பால் ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் பாட்டி தினமும் பாயை விரித்துக்கொண்டாராம்.