78 மில்லிமீட்டர் படுத்திய பாடு

கம்ப்யூட்டரில் இன்டெல்லின் 1700 சாக்கெட் பிராசஸருக்கு மாறப் போகிறவர்கள் முதலில் அதைக் குளிர்விக்கப்போகிற பழைய வாட்டர் கூலரின் அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். அதில் அச்சடித்திருக்கும் சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) பட்டியலில் 1700 என்ற எண் இல்லையென்றால், அதற்கான மவுன்டிங் கிட், அதாவது கூலரை மாட்டும் உதிரிகள், கைக்கு வரும்வரை எதையும் கழற்றாதீர்கள்.

கீழக்கரையில் எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. பழைய ஐ5-10400 ஒரு 4கே வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து முடிப்பதற்குள் துபாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மூன்று வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுவார்கள். அதனால் 1700 சாக்கெட்டில் உட்காரும் ஐ5-13500 வாங்கினேன். பழைய டிடிஆர்4 ரேமை அப்படியே போடக்கூடிய பி760 மதர்போர்டும் கிடைத்தது. அதுவரை சுகம்தான்.

கூலர் 2020-இல் வாங்கிய 240 மி.மீ. ரகம். இது புதுசுக்குச் சேருமா என்று கடையில் குறிப்பாகக் கேட்டேன். “இன்டெல்னா எல்லாத்துக்கும் சேரும்ணே, தைரியமாக் கொண்டு போங்க” என்றான் கவுன்டரில் இருந்த தம்பி, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வீட்டில் பழைய போர்டிலிருந்து பேக்பிளேட்டை (கூலரைப் பிடித்துக்கொள்ளப் போர்டின் பின்னால் வைக்கும் தகடு) கழற்றிப் புதுப் போர்டின் முதுகில் வைத்தால், ஒரு மூலை மட்டும் துளையில் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் துளை ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றன. பழைய போர்டின் 1200 சாக்கெட்டில் துளைகளுக்கு நடுவே 75 மி.மீ., புதுசின் 1700-இல் 78. அந்த 3 மில்லிமீட்டருக்குத்தான் இவ்வளவு அலைச்சல்.

“லேத்துல குடுத்து ஓட்டையை இழுத்துக்கலாம் காக்கா” என்றான் பக்கத்துக் கடைப் பையன். போட் இன்ஜினுக்கு அந்த வைத்தியம் சரி. இங்கே துளையோடு கதை முடியவில்லை. 1700 சாக்கெட்டில் பிராசஸரின் தலை முன்பைவிட முக்கால் மில்லிமீட்டர் போலத் தாழ்ந்து உட்காருகிறது. துளையை இழுத்து மாட்டிவிட்டாலும் பழைய ஸ்டாண்ட்ஆஃப் (கூலரைத் தாங்கும் குட்டித் திருகுத்தூண்) உயரத்தில் கூலரின் செம்புத்தகடு பிராசஸர்மேல் சரியாக அழுந்தாது. டர்போ என்கிற உச்ச வேகத்தில் 154 வாட் வரை இழுக்கிற சிப்பை அப்படி ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. சில போர்டுகளில் மட்டும் 75, 78 இரண்டுக்கும் துளை போட்டு விடுகிறார்கள். என்னுடையது அந்த ரகம் இல்லை.

பிராசஸர் பெட்டியிலேயே வந்த காற்றாடி கூலர்தான் கிட் வரும்வரை கஞ்சி ஊற்றியது. எக்ஸ்போர்ட் போட்டால் 100 டிகிரியைத் தொட்டு வேகம் குறையும். ஆனாலும் வேலை நிற்கவில்லை. அதை ஓஎல்எக்ஸில் விற்கிற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

கூலர் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் கிட் இலவசம் என்றார்கள், பில் இருந்தால். பில் இருந்தது, எழுத்துத்தான் இல்லை. தெர்மல் பேப்பர், நம் ஊர் வெக்கையில் அலமாரிக்குள் இருந்தே வெள்ளைத்தாளாகிவிட்டது. படம் எடுத்து அனுப்பினால் “தெளிவான நகல் அனுப்பவும்” என்று அதே பதில் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் கடையின் அக்கவுன்ட்ஸ் அக்காதான் காப்பாற்றினார். என் போன் நம்பரை டேலியில் தட்டி, பழைய பில்லை எடுத்து, சீல் குத்திக் கொடுத்தார். இப்போதெல்லாம் எந்தப் பில்லையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுகிறேன்.

கூரியர்காரர் கீழக்கரைக்கு வரமாட்டார், ராமநாதபுரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். பஸ் ஏறிப் போய் வாங்கிவந்து பிரித்தால், பிராக்கெட்டும் பேக்பிளேட்டும் சரி, ஸ்டாண்ட்ஆஃப் நான்கும் பழைய உயரம்! திருகை முழுதாக முறுக்கிய பிறகும் விரலால் தள்ளினால் பிராசஸர்மேல் உட்காரும் கூலர் பம்ப் அசைந்தது. அதை வீடியோ எடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் சரியான நான்கை அனுப்பினார்கள். பேசிப் பேசி நடக்காதது பத்து விநாடி வீடியோவில் நடந்தது. கிட் வந்ததும் ஸ்டாண்ட்ஆஃப் உயரத்தைப் பழையதோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

மாட்டும்போது இன்னும் இரண்டு விஷயம். பம்ப் வயரை வேறு பின்னில் சொருகி, சிபியு ஃபேன் பின்னைக் காலியாக விட்டால் பல போர்டுகள் பூட் ஆகும்போதே ‘சிபியு ஃபேன் எரர்’ காட்டி நிற்கும். ரேடியேட்டரை மேலே வைப்பதாக இருந்தால் ஃபேனோடு சேர்த்து 52 மி.மீ. இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்; புதுப் போர்டுகளில் சூடு தணிக்கும் ஹீட்சிங்க் உயர்ந்து நிற்கிறது.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும்: கழற்றிய கையோடு ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, ஸ்க்ரூ தலைகளில் துரு. தகடு அரித்திருந்தால் கிட்டுக்கு அலையாதீர்கள், புதுக் கூலரே வாங்கிவிடுங்கள். எனக்கு மேலோட்டமாகத்தான் இருந்தது, பிரஷ் போட்டதும் போய்விட்டது. இப்போது அதே எக்ஸ்போர்ட் 75 டிகிரியைத் தாண்டுவதில்லை.

பழைய 1200 பிராக்கெட், பேக்பிளேட் எல்லாம் சும்மா கிடக்கின்றன. ராமநாதபுரம், ஏர்வாடி பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.