விசாவில் இருந்த 16 நாள்

2024 ஜூலையில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு வாரக் கோடைக்காலப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதற்கு முன் நான் விமானமே ஏறியதில்லை. மொழி, தனிமை, வழி தெரியாமல் போவது என்று எதற்கெல்லாமோ பயந்தேன். கடைசியில் தூங்கவிடாமல் செய்தது தேதிகள்தான்.

வகுப்பு ஜூலை 8 முதல் 19 வரை. ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதுவும் குறைந்தது 30,000 யூரோவுக்கு. தொகையைச் சரியாகப் பார்த்த நான், தேதியை வகுப்பு நாள்களுக்கு மட்டும் போட்டுவிட்டேன். போய் இறங்குவதோ 6, கிளம்புவது 21. விண்ணப்பம் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு, எங்கள் துறையில் ஏற்கெனவே போய்வந்த அக்கா ஒருவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "முன்னால ரெண்டு நாள், பின்னால ரெண்டு நாள் எங்கம்மா?" என்று கேட்டார். அப்போதே உட்கார்ந்து திருத்தினேன். விமானச் சீட்டு, தங்குமிடம், காப்பீடு மூன்றும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். அவர் பார்த்திராவிட்டால் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

கைரேகை, புகைப்படம் எல்லாம் சட்டென்று முடிந்தன. அப்புறம் பாஸ்போர்ட் வந்தது. விசாவில் ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 5 வரை என்றிருந்தது. ஒரு மாதம்! திரும்பும் சீட்டைத் தள்ளிப்போட்டு பெர்லின் வரை போய்வரலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். மறுபடி பார்த்தபோதுதான் கீழே தங்கும் நாள்களுக்கான சின்னக் கட்டம் கண்ணில் பட்டது: 16.

மேலே இருக்கும் தேதிகள், எந்தக் காலத்துக்குள் போய்வரலாம் என்பதைச் சொல்பவை. பயணம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் சமாளிக்கட்டும் என்று 15 நாள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அங்கே இருக்கக்கூடியது 16 நாள் மட்டுமே. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்தக் கணக்கில் அடக்கம். முதல்முறை போகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

விசா கையில் இருந்தாலும் எல்லையில் கேள்வி கேட்கலாம் என்பதால், அழைப்புக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி. எதற்காக வந்தாய், எத்தனை நாள்? "16" என்று பதில் தானாக வந்தது. முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும்தான் மூச்சு விட்டேன்.

மன்ஹைமில் ரயில் மாறி ஹைடல்பர்க் போய்ச் சேர்ந்தேன். 1386இல் தொடங்கிய பல்கலைக்கழகம். முதல் விரிவுரை 9 மணிக்கு என்று நினைத்து 8:50க்கே போனால், அறையில் ஒருவரும் இல்லை. தவறான கட்டடமோ என்று மாடிக்கும் கீழுக்குமாக ஓடினேன். அட்டவணையில் 9 என்பதற்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தது. அது இருந்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியான நேரத்துக்கு என்று, 9:10க்கு நிதானமாக வந்த மாணவி சொன்னாள். பழைய இலத்தீன் வழக்கமாம். அந்தக் கால் மணி நேரத்தில் அவளோடு தொடங்கிய பேச்சு, கடைசி நாள் வரை ஒவ்வொரு காலையும் தொடர்ந்தது.

21ஆம் தேதி வெளியேறும் முத்திரையும் விழுந்தது. விமானத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைத் திறந்து, இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே விரல் விட்டு எண்ணினேன். 16.