2700 வார்த்தைக்குள்ள அடக்கி வாசிங்க

ரிசர்ச் பேப்பர் எழுதுறது ஒரு வேலைன்னா, அதை ஜர்னல் கேக்குற மாதிரி வெட்டி ஒட்டி அனுப்புறது தனி வேலை. ரிசர்ச்ல இருக்குற யாரைக் கேட்டாலும் இதைப் பத்தி ஒரு பாட்டம் புலம்பித் தீர்ப்பாங்க. நானும் புலம்புவேன், ஆனா மத்தவங்க மாதிரி வேர்ட் லிமிட்டைத் திட்ட மாட்டேன், என் கோவம் எல்லாம் ஃபார்மேட் மேல மட்டும்தான்.

லிமிட் எப்படி இருக்கும்னா, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஒரிஜினல் ஆர்ட்டிகிளுக்கு 2700 வார்த்தை, டேபிளும் படமும் சேர்த்து 5, ரெஃபரன்ஸ் 40. ஜாமான்னு இன்னொரு மெடிக்கல் ஜர்னல்ல 3000 வார்த்தை. வருஷக்கணக்கா ஓடுன மருந்து ட்ரையலா இருந்தாலும் இதுக்குள்ள சொல்லி முடிக்கணும். ஃபிசிக்ஸ்காரங்க எண்ற விஷயத்துல இன்னும் கறார். ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல ரொம்ப காலம் 4 பக்கம்னு தான் இருந்துச்சு, அப்புறம் வார்த்தைக் கணக்குக்கு மாறி 3750ன்னு வச்சாங்க, அதுலயும் படத்துக்கு ஒரு ஃபார்முலா இருக்கு பாருங்க, அகலத்தை உயரத்தால வகுத்து 150ஐ அதால வகுத்து கூட 20 சேர்க்கணும். அதாவது பக்கத்துல ஒரு பத்தி (column) அகலத்துல சதுரமா படம் போட்டா 170 வார்த்தை காலி, அதையே பாதி உயரத்துக்குத் தட்டையாக்கினா 95 தான். சமன்பாட்டுக்கு வரிக்கு 16 வார்த்தை! இதை முதல்ல படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, ஆனா யோசிச்சா நியாயமான கணக்கு தான், பக்கத்துல படம் பிடிக்கிற இடத்தை வார்த்தையா மாத்திருக்காங்க, அவ்ளோதான்.

இதெல்லாம் அச்சுக் காலத்து விதி. ஒரு இதழுக்கு இத்தனை பக்கம், காகிதச் செலவு, தபால் செலவு, அதனால பக்கத்துக்கு இவ்ளோன்னு எழுதுனவங்க கிட்டயே காசு வாங்குன ஜர்னலும் நிறைய. இப்போ முக்கால்வாசி பேர் ஸ்கிரீன்ல தான் படிக்கிறோம், 2006ல வந்த ப்ளாஸ் ஒன் மாதிரி ஜர்னல்ல நீளத்துக்கு லிமிட்டே கிடையாது. அப்போ எடுத்துடலாமேன்னு கேப்பாங்க. வேணாம்னு தான் சொல்லுவேன், ஏன்னா வெளியிடுறதுக்கு முன்னாடி பேப்பரைப் படிச்சு ரிவ்யூ பண்றவர் பெரும்பாலும் சம்பளம் இல்லாம தன் சொந்த நேரத்துல படிக்கிறார், இன்ட்ரோடக்ஷன்ல அந்தத் துறையோட முழு வரலாற்றையும் கொட்டுனா யாருக்கு என்ன லாபம். 1966ல லாண்டர், பார்க்கின்னு ரெண்டு பேர் கணித மேதை ஆய்லரோட ஒரு யூகம் தப்புன்னு ஒரு கணித ஜர்னல்ல போட்ட பேப்பர் மொத்தமே ரெண்டு வாக்கியம். 5 எண்ணைக் காட்டுனாங்க, முடிஞ்சது. எல்லாராலயும் அப்படி முடியாது, ஒத்துக்கிறேன், பயாலஜில ரெண்டு வாக்கியத்துல சோதனைக்குக் கலக்குற ஒரு பஃபர் கரைசலோட ரெசிபியைக் கூட சொல்ல முடியாது.

லிமிட்டோட நிஜமான கெடுதல் வேற இடத்துல இருக்கு. வெட்டணும்னா முதல்ல மெத்தட்ஸ், அதாவது சோதனையை எப்படி செஞ்சோம்ங்குற பகுதி தான் சப்ளிமென்ட்ரிக்கு, பேப்பரோட தனியா போடுற இணைப்பு ஃபைலுக்குப் போகும், அங்க யாரும் ஒழுங்கா பாக்க மாட்டாங்க. ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ் 2010ல சப்ளிமென்ட்ரி ஃபைலே வேணாம்னு நிறுத்துச்சு, ரிவ்யூவர்ஸ் மேல சுமை ஏறிக்கிட்டே போகுதுன்னு சொல்லி. நல்ல முடிவு தான். வெட்டுறதா இருந்தா டிஸ்கஷனை வெட்டுங்கப்பா, மெத்தட்ஸை விட்டுடுங்க.

இப்போ ஃபார்மேட்டுக்கு வரேன். 1978ல சில மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்ஸ் வான்கூவர்ல உக்காந்து, நம்ம எல்லா ஜர்னலுக்கும் மேனுஸ்கிரிப்ட் ஒரே மாதிரி இருந்தா போதும்னு பேசி, அடுத்த வருஷமே பொது விதி வெளியிட்டாங்க, வான்கூவர் ஸ்டைல்னு ரெஃபரன்ஸ்ல நம்பர் போடுறோமே அது அங்க இருந்து வந்த பேரு தான். ஒரே மாதிரி ஆக்கணும்னு ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு ஸொட்டேரோங்குற ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர்ல போய் பாத்தா 10,000க்கு மேல சைட்டேஷன் ஸ்டைல் கிடக்கு. ஒருத்தருக்கு வருஷம் அடைப்புக்குறிக்குள்ள வேணும், இன்னொருத்தருக்கு கடைசியில வேணும், ஒருத்தர் ஜர்னல் பேரை சுருக்கச் சொல்வார், இன்னொருத்தர் சுருக்குனா திருப்பி அனுப்புவார்.

ரிஜெக்ட் ஆகுற ஒவ்வொரு தடவையும் வாடகை வீடு மாறுற மாதிரி மொத்தத்தையும் மூட்டை கட்டி மறுபடி அடுக்கணும். 2019ல ப்ளாஸ் ஒன்ல வந்த ஒரு சர்வே, 41 நாட்டுல 372 பேர் கிட்ட கேட்டது, ஒரு பேப்பருக்கு ஃபார்மேட்டிங்குக்கு மட்டும் 14 மணி நேரம், ஒருத்தருக்கு வருஷத்துக்கு 52 மணி நேரம்னு மீடியன், அதாவது நடு மதிப்பு, சொல்லுது. ரிவ்யூவுக்கே போகாம எடிட்டர் டெஸ்க்லயே ரிஜெக்ட் ஆகப் போற பேப்பருக்கு கமா எங்க இருந்தா என்ன?

அதுலயும் படத்தை எல்லாம் கடைசில வை, கேப்ஷனைத் தனியா வைன்னு கேக்குறது அச்சுக்கோக்குறவங்களுக்காக வந்த பழக்கம், டபுள் ஸ்பேஸ் பேனாவால திருத்துறதுக்கு. ரிவ்யூவர் பாவம், படத்தைப் பாக்க கீழ போய் விளக்கத்துக்கு மேல வந்து திரும்ப கீழ போறார்.

எல்சிவியர்ல நிறைய ஜர்னல் இப்போ முதல் தடவை எந்த வடிவத்துல அனுப்புனாலும் வாங்கிக்கிறாங்க, ரிவிஷனுக்கு வந்தப்புறம் தான் அவங்க ஸ்டைலுக்கு மாத்தச் சொல்றாங்க. இதே மாதிரி மத்தவங்களும் பண்ணா என்ன குறைஞ்சு போகுதுன்னு தெரியல. அதுவரைக்கும் நான் பண்றது என்னன்னா, எழுத ஆரம்பிக்கும்போதே போடலாம்னு நினைக்கிற ரெண்டு மூணு ஜர்னலோட கைட்லைன்ஸ்ல வார்த்தை, படம், அப்ஸ்ட்ராக்ட் லிமிட்டை மட்டும் பாத்து வச்சுப்பேன், இருக்குறதுலயே சின்னதுக்கு எழுதுவேன். ரெஃபரன்ஸை ஸொட்டேரோ பாத்துக்கும். படத்துக்கு 300 டிபிஐ டிஃப் ஃபைல், எழுத்துரு அளவு எல்லாம் அக்செப்ட் ஆனப்புறம்.